வாகனம் வாடகைக்கு, காப்புறுதி சொந்தப் பாவனைக்கு

நிலாவெளியில் ஒரு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுக்க ஐந்து நிமிடம் போதும். விடுதி வாசலில் நிற்கும் வண்டியைச் சுட்டிக்காட்டி நாள் வாடகையைப் பேசி முடித்து, திறப்பையும் ஹெல்மெட்டையும் வாங்கிக்கொண்டு, கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டியதுதான். எழுத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் ஒரு கொப்பித் தாளில் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கும். இருக்கைக்கு அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் காப்புறுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்ப்பவர்கள் அரிது. எந்தப் பாவனைக்கு என்ற இடத்தில் 'தனிப்பட்ட பாவனை' என்று அதில் இருக்குமானால், வாடகைக்குப் போன வண்டிக்கு ஏற்படும் சேதத்தை ஏற்க மறுக்கும் உரிமை அப்போதே காப்புறுதிக் கம்பனியின் கைக்குப் போய்விட்டது. இந்தக் கரையில் நடக்கும் சேதச் சண்டைகள் 'கீறல் யார் போட்டது' என்று தொடங்கினாலும், அவற்றுள் பலவற்றின் வேர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே உப்புவெளி, சாம்பல்தீவு கடந்து பதினைந்து கிலோமீற்றர் அளவில் நிலாவெளி. அதே வீதி இறக்கக்கண்டி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டைக்குப் போகிறது. விடுதிகளும் படகுத்துறைகளும் இந்த ஒற்றை வீதியின் நெடுகிலும் சிதறிக் கிடக்கின்றன. புறாமலைக்குப் படகேற வருபவர் மறுநாள் கோணேசர் கோயிலுக்கும், அதற்கடுத்த நாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் போக ஆசைப்படுவார். பஸ் உண்டு, ஆனால் அவர் நினைத்த நேரத்துக்கு இல்லை. முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் கூலியைக் கணக்குப் பார்த்தால் ஒரு நாள் ஸ்கூட்டர் வாடகை மலிவு. ஆகவே ஏப்ரல் முடிவிலிருந்து செப்டெம்பர் வரை, தெற்குக் கரையில் மழையும் அலையும் இருக்கும் மாதங்களில், இந்த வீதி வாடகை டியோக்களாலும் ஸ்கூட்டி பெப்புகளாலும் நிறைகிறது. அண்மைக் காலமாக, உல்லாசப் பயணிகள் தாமே ஓட்டிக்கொண்டு தீவைச் சுற்றும் முச்சக்கர வண்டிகளும் கொழும்புப் பக்கமிருந்து இங்கே வந்து சேர்கின்றன.

வாடகைக்கு விடுபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய கம்பனி எதுவும் இல்லை. விடுதியில் வேலை செய்யும் இளைஞர், கடற்றொழில் இல்லாத நாட்களில் வேறு வருமானம் தேடும் படகோட்டி, இரண்டு அறையை வாடகைக்கு விடும் குடும்பம். ஒரு வண்டி, மிஞ்சினால் மூன்று. பெரும்பாலும் லீசிங்கில் எடுத்தவை. ஆறு மாதச் சீசனில் உழைத்து மீதி ஆறு மாதத் தவணையையும் கட்ட வேண்டும். 2018இல் 23 இலட்சம் உல்லாசப் பயணிகள் வந்த நாட்டில் அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறு குண்டுகள், அதற்கடுத்து கொரோனா, 2022இல் பெற்றோல் வரிசை. 2024இல்தான் எண்ணிக்கை மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. அந்த இடைவெளியில் தவணை தவறி வண்டியைப் பறிகொடுத்தவர்களும் தாக்குப்பிடித்து நின்றவர்களும் இதே வீதியில்தான் இருக்கிறார்கள். இவர்களைப் 'பயணிகளை ஏமாற்றும் கூட்டம்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. இவர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்றும் சொல்ல வரவில்லை.

வழமையாக நடப்பது இது. மாலை மங்கிய நேரம், கடலிலிருந்து வீசிய மணல் வீதியோரத்தில் படிந்திருக்கிறது, வளைவில் கட்டாக்காலி மாடு ஒன்று நிதானமாகக் குறுக்கே வருகிறது. (திருகோணமலை மாவட்டத்தில் வாகனம் ஓட்டுபவர் எவரும் இதற்கு மேல் விளக்கம் கேட்கமாட்டார். நகருக்குள் என்றால் மாட்டுக்குப் பதில் மான்.) பிரேக் பிடித்த ஸ்கூட்டர் சறுக்குகிறது. ஓட்டியவருக்கு முழங்கையில் தோலுரிவு. வண்டிக்கு முன்பக்க மட்கார்ட் உடைவு, ஒரு கண்ணாடி, ஒரு சிக்னல் லைட், பக்கத்துக் கவரில் நீளமான கீறல். ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்பது கராஜில் கழற்றினால்தான் தெரியும்.

இந்த இடத்தில் காப்புறுதி வேலை செய்ய வேண்டிய முறை இலங்கையில் எல்லோருக்கும் தெரியும். விபத்து நடந்த இடத்திலிருந்தே கம்பனிக்கு அழைப்பு எடுக்க வேண்டும், அசெசர் வருவார், படம் எடுப்பார், ஓட்டியவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பார்ப்பார், எப்படி நடந்தது என்று எழுதி வாங்குவார். திருகோணமலை நகரில் எல்லாப் பெரிய கம்பனிகளுக்கும் ஆள் உண்டு, தூரமும் அதிகமில்லை. ஆனால் வாடகை ஸ்கூட்டரின் உரிமையாளர் அழைப்பதில்லை. அழைத்தால் அசெசர் கேட்கும் முதற்கேள்வி 'ஓட்டினது யார்?' என்பதாகத்தான் இருக்கும். ஒல்லாந்திலிருந்தோ இஸ்ரேலிலிருந்தோ வந்த இருபத்திரண்டு வயதுக்காரரை 'எங்கட சொந்தக்காரர்' என்று சொல்ல முடியாது. 'கூட்டாளி' என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. பொய் பிடிபட்டால் இந்த நட்டஈடு மட்டுமல்ல, அடுத்த வருடப் பாலிசியும் சிக்கல்தான்.

காப்புறுதிக் கம்பனிகள் ஒரு வாகனத்துக்குப் பாலிசி எழுதும்போது அதன் பாவனையைப் பிரித்துப் பார்க்கின்றன. சொந்தப் பாவனை ஒன்று. சாரதியோடு கூலிக்கு ஓடும் 'ஹயரிங்' ஒன்று. திறப்பையே மற்றவரிடம் கொடுத்துவிடும் 'ரென்ட்' இன்னொன்று. மூன்றாவதுக்குத்தான் கட்டணம் கனம். காரணம் நியாயமானதே. சொந்த வண்டியை ஓட்டுபவருக்கு அதன் பிரேக் எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும், வீதி தெரியும், அடுத்த மாதமும் தான்தான் அதை ஓட்ட வேண்டும் என்ற பயமும் இருக்கும். வாடகைக்கு எடுத்தவருக்கு இவை ஒன்றும் இல்லை. இடப்பக்கமாக ஓட்டும் பழக்கம்கூடப் பலருக்கு இல்லை. கூடிய ஆபத்துக்குக் கூடிய கட்டணம் என்பதில் எனக்கு முறைப்பாடு கிடையாது.

முறைப்பாடு வேறு இடத்தில். நிலாவெளி வீதியோரம் 'ஸ்கூட்டர் வாடகைக்கு' என்ற பலகையின் கீழ் நிற்கும் வண்டிக்கு, அதே வீட்டு விறாந்தையில் இருந்து தேநீர் குடித்தபடி, தனிப்பட்ட பாவனை என்று அடையாளமிட்டுப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். ரென்ட் என்று போட்டால் கட்டணம் கூடும், ஆள் வேறு கம்பனிக்குப் போய்விடுவார், ஏஜென்டுக்குக் கழிவு போய்விடும். உரிமையாளருக்கும் அந்த நேரத்தில் அது இலாபமாகவே தெரிகிறது. கம்பனி வருடாவருடம் கட்டணத்தை வாங்குகிறது. விபத்து நடந்த பிறகுதான் பாவனை பற்றிய வரி நினைவுக்கு வருகிறது. காப்புறுதி என்பது இரு பக்கமும் உண்மையை மறைக்காமல் செய்துகொள்ள வேண்டிய ஒப்பந்தம் என்று அந்தத் துறையினர் அடிக்கடி சொல்வார்கள். உரிமையாளர் மறைத்தார் என்பது சரி. தன் ஏஜென்ட் கண்ணால் கண்டதைக் கம்பனி காணவில்லை என்று சொல்வதும் மறைப்புத்தானே?

லீசிங் இந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. தவணை முடியும்வரை வண்டி சட்டப்படி லீசிங் கம்பனியின் சொத்து. முழுக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. மற்றவருக்கு வாடகைக்கு விடக்கூடாது என்பதும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் நிபந்தனையே. ஆகவே உரிமையாளர் காப்புறுதிக் கம்பனிக்கு உண்மை சொன்னால் லீசிங் கம்பனியிடம் மாட்டுவார். மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்திருப்பவர்களின் நிலை இதைவிட எளிது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது அதைத்தான். அது வீதியில் காயப்படும் மற்றவருக்கானது, தன் வண்டியின் மட்கார்டுக்கு அதில் ஒரு சதமும் வராது.

இப்படிக் காப்புறுதி ஒதுங்கிக்கொண்ட பிறகு மிஞ்சுவது இருவரும் ஒரு கடவுச்சீட்டும். உரிமையாளர் தன் பழக்கமான கராஜில் ஒரு தொகையை எழுதி வாங்கி வருகிறார். உதிரிப்பாகம், கூலி, பெயின்ற், இவற்றோடு வண்டி கராஜில் நிற்கும் நாட்களுக்கான வாடகை. பயணிக்கு நாளை மறுநாள் கட்டுநாயக்கவில் விமானம். பணம் தந்தால் கடவுச்சீட்டு. சரியோ பிழையோ தொகையைக் கொடுத்துவிட்டுப் போவதைத் தவிர அவருக்கு வழியில்லை. இதையே தாய்லாந்தின் புக்கெட்டிலும் பட்டாயாவிலும் ஜெட் ஸ்கீ வாடகைக்காரர்கள் ஒரு தொழிலாக வளர்த்தெடுத்தார்கள். பழைய கீறலைப் புதுக் கீறலென்று காட்டிப் பணம் கறந்த கதைகள் உலகம் முழுக்கப் பரவி, அந்தக் கரைகளின் பெயர் கெட்டதுதான் மிச்சம். கடவுச்சீட்டை ஒருபோதும் பிணையாகக் கொடுக்காதீர்கள் என்று பிரித்தானிய அரசு தன் பயணிகளுக்கு எழுதி வைத்திருப்பது அந்த அனுபவத்தின் பின்தான். பிரித்தானியக் கடவுச்சீட்டு அதை வைத்திருப்பவரின் சொத்துமல்ல, அரசின் சொத்து. அதை ஒரு ஸ்கூட்டருக்கு ஈடாகப் பிடித்து வைத்திருப்பது உரிமையாளருக்கே ஆபத்து என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கடவுச்சீட்டுக்குப் பதில் அதன் போட்டோப் பிரதியை வாங்கிய ஒருவர், காலையில் வாசலில் திறப்போடு நிறுத்தப்பட்டிருக்கும் உடைந்த வண்டியைத்தான் காண்கிறார்; பயணி அதிகாலை ரயிலில் போய்விட்டார். எந்த நீதிமன்றத்தில் யாரைத் தேடுவது? இரண்டு மாதச் சீசன் வருமானம் ஒரு ஃபோர்க்கிலும் ஹெட்லைட்டிலும் போய்விடும். கடவுச்சீட்டைக் கேட்பவரின் பயமும் வெறும் பேராசையல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? ஒப்பந்தத்தில் வேறாக எழுதாதவரை, இலங்கையில் இத்தகைய வாடகை உறவுக்கு அடிப்படை ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன்-டச்சுச் சட்டமே. வாடகைக்கு எடுத்தவர் பொருளை எடுத்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். இயல்பான தேய்மானம் அதில் சேராது. சேதம் இருந்தால், அது தன் கவனயீனத்தால் வந்ததல்ல என்று காட்ட வேண்டிய சுமை எடுத்தவரின் தலையில். ஆனால் யாராலும் தடுக்க முடியாத இயற்கை அனர்த்தத்தால் அழிந்தால் நட்டம் சொந்தக்காரருக்கே. 2004 டிசெம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்த ஊருக்கு, 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியின் வெள்ளத்தைக் கண்ட மாவட்டத்துக்கு, இந்த வேறுபாடு சட்டப் புத்தகத்துச் சங்கதியல்ல. வெள்ளத்தில் மூழ்கிய வாடகை வண்டிக்குப் பயணியிடம் பணம் கேட்பது சட்டப்படி எளிதில் நில்லாது. மழை எச்சரிக்கையை மீறி மதகைக் கடக்க முயன்று மூழ்கடித்தவரின் கதை வேறு. உரிமையாளர் தன் பாலிசியில் இயற்கை அனர்த்தத்துக்கான மேலதிகக் காப்பு இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பல பாலிசிகளில் அது தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டிய ஒன்று.

'எடுத்த நிலை' எது என்பதில்தான் சண்டை பிறக்கிறது. நிலாவெளி உப்பளம் இருக்கும் ஊர். கடலோர வீட்டில் இரண்டு வருடம் நின்ற வண்டியின் அடிப்பாகத்தை உப்புக்காற்று தின்றிருக்கும், சைலன்சர் துருப்பிடித்திருக்கும், ஏற்கெனவே மூன்று பயணிகள் விழுந்தெழுந்த தழும்புகளும் இருக்கும். ஒரு சின்ன மோதலில் துருத்தகடு உடைந்து விழுந்தால் அதற்குக் காரணம் மோதலா, துருவா? முழுப் புதுப் பாகத்தின் விலையையும் கடைசியாக ஓட்டியவரிடம் வாங்குவது, மூன்று பேர் பங்கிட வேண்டியதை நான்காமவர் தலையில் கட்டுவதாகும். காப்புறுதிக் கம்பனி கூடப் பழைய பாகத்துக்குப் புதுப் பாகம் போட்டால் தேய்மானத்தைக் கழித்துத்தான் கொடுக்கும்.

இது நிலாவெளியின் தனிக் குற்றமும் அல்ல. ஐரோப்பாவில் அவிஸ், யூரோப்கார், என்டர்பிரைஸ், ஹெர்ட்ஸ், சிக்ஸ்ட் ஆகிய ஐந்து பெரிய வாடகைக் கார் நிறுவனங்கள், நுகர்வோர் முறைப்பாடுகள் குவிந்ததால் 2015 ஜூலையில் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் சில வாக்குறுதிகளைக் கொடுக்க நேர்ந்தது. சேதத்துக்கான ஆதாரத்தை மறுத்துப் பேச வாடிக்கையாளருக்கு வாய்ப்புக் கொடுத்த பிறகே பணம் கழிப்போம் என்பது அவற்றில் ஒன்று. பத்து வருடம் கழித்து, அமெரிக்காவில் ஹெர்ட்ஸ் சில விமான நிலையங்களில் கெமராக்களால் காரை ஸ்கேன் செய்யும் இயந்திரங்களை வைத்தது. அட்லாண்டாவில் சில்லின் விளிம்பில் ஓர் அங்குலத் தேய்வுக்காக ஒருவருக்கு 440 டொலர் பில் போனது. அதில் திருத்தச் செலவு 250. மீதி 190 டொலரும் சேதத்தைக் கையாள்வதற்கும் நிர்வாகத்துக்குமான கட்டணம். நம்மூர்க் கராஜ்காரர் எழுதிய தொகை கொஞ்சம் நியாயமாகத்தான் தெரிகிறது, இல்லையா?

ஆனால் அந்த நாடுகளிலிருந்து வருபவர் ஒரு பழக்கத்தையும் கொண்டுவருகிறார். அங்கே காரை எடுக்கும்போதே, 'சேதம் வந்தால் இவ்வளவு தொகை வரைதான் உன் பொறுப்பு' என்று கட்டணம் வாங்கி எழுதிக் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் காப்புறுதியே அல்ல. இத்தனைக்கு மேல் கேட்கமாட்டேன் என்று வாடகைக்கு விடுபவர் தரும் வாக்கு. அந்த எல்லைத் தொகைக்கும் பயணிகள் தனியாகக் காப்புறுதி எடுத்து வருவார்கள். அதே நினைப்பில் நிலாவெளியில் 'இன்சூரன்ஸ் இருக்கா?' என்று கேட்கிறார்கள். 'ஓம், புல் இன்சூரன்ஸ்' என்று பதில் வருகிறது. கேட்டவர் தன் பொறுப்புக்கு எல்லை இருக்கிறது என்று நினைக்கிறார். சொன்னவர் பொய் சொல்லவில்லை. முழுக் காப்புறுதிப் பாலிசி உண்மையிலேயே இருக்கிறது, இந்தப் பயணத்துக்கு மட்டும்தான் உதவாது. பயணி தன் நாட்டில் எடுத்த பயணக் காப்புறுதியோ, மோட்டார் சைக்கிள் என்றதும் பல வேளைகளில் பின்வாங்கிவிடும். அந்த வகுப்புக்கான அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டியிருந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கே மறுப்பு வரலாம்.

அனுமதிப்பத்திரம் தனிச் சிக்கல். வெளிநாட்டவர் தன் நாட்டு லைசன்ஸை மட்டும் காட்டி இலங்கையில் ஓட்ட முடியாது. சர்வதேச அனுமதிப்பத்திரத்தை இங்குள்ள ஆட்டோமொபைல் சங்கத்தில் உறுதிப்படுத்த வேண்டும், இல்லையேல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். முன்பு இதற்கெனக் கொழும்புப் பக்கம் அலைய வேண்டியிருந்ததால் கரையோரத்தில் யாரும் கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. 2025 ஓகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே இதற்கொரு கருமபீடம் திறக்கப்பட்ட பிறகு, 'எங்கே போய் எடுப்பது' என்ற சாட்டுக்கு இடமில்லை. கார் ஓட்டும் லைசன்ஸை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உரிய அனுமதிப்பத்திரம் இல்லாதவரிடம் திறப்பைக் கொடுத்த உரிமையாளருக்கு, சரியான ரென்ட் பாலிசி கையில் இருந்தால்கூட அது நில்லாது.

வெள்ளைக்காரரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதிக் கதை விட்டுப்போகும். ஓகஸ்ட் விடுமுறையில் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் நம்மவர்கள், சொந்தக்காரர் மூலம் ஒரு கேடிஎச் வானையோ வாகன்ஆரையோ இரண்டு கிழமைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். தெரிந்த ஆட்களுக்குள் தாள் எழுதுவது மரியாதைக் குறைவு. 'அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் அண்ணை' என்பதே ஒப்பந்தம். ஓட்டுபவரிடம் இருப்பது இருபது வருடத்துக்கு முந்தைய, காலாவதியான இலங்கை லைசன்ஸ். கதவு நசுங்கினால் பேச்சுவார்த்தை கராஜில் நடக்காது, இரண்டு குடும்பங்களின் தொலைபேசியில் நடக்கும். கொடுத்த தொகை குறைவென்று ஒரு பக்கமும், வெளிநாட்டுக் காசென்று கண்டபடி கேட்டார்கள் என்று மறுபக்கமும் வருடக்கணக்கில் பேசாமல் இருப்பார்கள். கடவுச்சீட்டுப் பிணையைவிட இது மென்மையான முறை என்று யாரும் சொல்ல முடியாது.

இவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து, ரென்ட் பாலிசியே எடுத்து வைத்திருப்பவரையும் கடந்த சில வருடங்கள் வேறு வழியில் பிடித்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனை வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இடையில் ரூபாயும் சரிந்தது. பழைய வண்டிகளின் விலை வாங்கிய விலையைத் தாண்டி ஏறியது; உதிரிப்பாகமும் அப்படியே. பாலிசியில் எழுதிய பெறுமதியோ பழையபடி கிடந்தது. குறைத்துக் காப்புறுதி செய்த சொத்துக்கு அதே விகிதத்தில்தான் நட்டஈடு என்ற நிபந்தனை பாலிசியில் இருந்தால், கணக்கு இப்படிப் போகும்: சந்தையில் எட்டு இலட்சம் பெறுமதியான வண்டி நான்கு இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்யப்பட்டிருந்தால், ஓர் இலட்சம் ரூபாய்த் திருத்தத்துக்குக் கிடைப்பது ஐம்பதாயிரம். அதிலும் உரிமையாளர் தானே ஏற்க வேண்டிய முதற்தொகை கழியும். நட்டஈடு கேட்டதற்காக அடுத்த வருடக் கழிவுச் சலுகையும் போகும். சின்னச் சேதத்துக்குக் கம்பனிக்கு அழைப்பதைவிடப் பயணியிடம் வாங்கிவிடுவதே மேல் என்று ஒருவர் நினைப்பதில் கணக்குப் பிழை இல்லை.

பாவனை வரியைக் காட்டிக் கம்பனி முழுதாகக் கைவிரிப்பது நியாயமா என்ற கேள்வியை இந்திய உச்ச நீதிமன்றம் நேராக எதிர்கொண்டிருக்கிறது. 2008இல் நித்தின் கண்டேல்வால் வழக்கு: சொந்தப் பாவனைக்குக் காப்புறுதி செய்த வாகனம் டாக்ஸியாக ஓடியபோது களவு போனது. பாவனை மீறப்பட்டதற்கும் களவுக்கும் தொடர்பில்லை. முழுதாக மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். 2010இல் அமலேந்து சாகூ வழக்கில் சொந்த வாகனம் வாடகைக்கு விடப்பட்டதாகச் சொல்லி விபத்து நட்டஈட்டை மறுத்த கம்பனிக்கும் அதே பதில். அங்கே காப்புறுதித் துறையிடமே ஒரு வழிகாட்டி இருந்தது: பாவனை நிபந்தனை போன்றவை மீறப்பட்டால் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை கொடுத்துத் தீர்க்கலாம் என்று. நீதிமன்றம் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. மீறியவருக்குத் தண்டனையாகக் கால்பங்கு போகிறது. கட்டணம் வாங்கிய கம்பனியும் முழுக்கத் தப்பிக்கொள்வதில்லை. இந்தத் தீர்ப்புகள் இலங்கையைக் கட்டுப்படுத்தாதவை. ஆனால் 2005 முதல் இங்கே இயங்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம், அல்லது இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவிடம் முறையிடுபவர் இந்த வாதத்தை வைப்பதை எதுவும் தடுக்கவில்லை. முதலில் கம்பனியிடம் எழுத்தில் முறையிட்டு, மறுப்பையும் எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். வாயால் சொன்ன மறுப்பை எந்த அதிகாரியாலும் பரிசீலிக்க முடியாது.

ஒம்புட்ஸ்மனிடம் போவது பாலிசிக்காரரின் வழி. வாடகைக்கு எடுத்தவர் பாலிசிக்காரர் அல்லர். அவருக்கும் உரிமையாளருக்கும் இடையிலான பணப் பிணக்கைத் தீர்க்க 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. உள்ளூர்க்காரர் இருவருக்கு அவை நல்ல வழி. நாளை மறுநாள் விமானம் ஏறுபவருக்கு அடுத்த சனிக்கிழமைத் தவணை எதற்கு? அவருக்குச் சுற்றுலாத் துறையின் 1912 என்ற இலக்கமும், முறைப்பாட்டைப் பதிந்துகொள்ளும் பொலிஸ் நிலையமும்தான் கைக்கெட்டியவை. பதிவு செய்யலாம், ஆனால் ஃபோர்க்கின் விலை எவ்வளவு என்று தீர்ப்பது பொலிஸாரின் வேலை அல்ல.

சிலர் இந்தியாவைப் போல உரிமமுறை கொண்டுவரச் சொல்கிறார்கள். கோவாவில் வாடகை ஸ்கூட்டருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, தூரத்திலிருந்தே தெரியும். சொந்தப் பலகை வண்டியை வாடகைக்கு விட்டால் பிடித்து அபராதம் போடுவார்கள். நம் நாட்டுப் பலகையைப் பார்த்து எது வாடகை வண்டி என்று சொல்ல முடியாது. யோசனை கவர்ச்சியானதுதான், ஆனால் அங்குள்ள 1997ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் வாடகைத் திட்டம் உரிமம் கேட்பவரிடம் குறைந்தது ஐந்து வண்டிகளாவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அதை அப்படியே இங்கே இறக்கினால் நிலாவெளியின் ஒற்றை வண்டிக்காரர் ஒரே நாளில் சட்டவிரோதமாகிவிடுவார். வியாபாரம் வெளியூர் முதலாளி ஒருவரின் கைக்குப் போகும். கடற்கரையில் நிலத்துக்கு அப்படி நடந்ததைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் இது.

ஆகவே பிடிக்க வேண்டிய நுனி காப்புறுதிதான். ஒரு வண்டிக்காரர் ரென்ட் பாலிசி எடுக்காததற்குக் காரணம், ஆறு மாதம் மட்டும் வாடகைக்கு ஓடும் வண்டிக்குப் பன்னிரண்டு மாத ரென்ட் கட்டணம் கட்ட வேண்டியிருப்பது. வருடம் முழுதும் தனிப்பட்ட பாவனைப் பாலிசி இருக்கட்டும். சீசன் மாதங்களுக்கு மட்டும் அதன்மேல் வாடகைப் பாவனைக்கான மேலதிகக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு ஒரு சேர்க்கைத் தாளை ஒட்டிக் கொடுக்கலாம். வெள்ளத்துக்கும் கலவரத்துக்கும் மேலதிகக் காப்பை எழுதும் கம்பனிகளுக்கு இது புதிய வித்தையல்ல. அதற்கு ஈடாக உரிமையாளரிடம் மூன்றைக் கேட்கலாம்: ஓட்டுபவரின் தற்காலிக அனுமதிப்பத்திரத்தின் படம், புறப்படும் முன் இருவரும் நின்று எடுத்த ஒரு நிமிட வீடியோ, பயணியின் பொறுப்புக்கு எல்லைத் தொகை எழுதிய ஒரு பக்க ஒப்பந்தம். அந்த எல்லைத் தொகையை முற்பணமாக வாங்கி வைத்தால் கடவுச்சீட்டைத் தொட வேண்டிய தேவையே வராது. லீசிங் கம்பனிகளுக்கும் தங்கள் சொத்து காப்பில்லாமல் ஓடுவதைவிடக் காப்போடு ஓடுவது நல்லதுதானே. வாடகைத் தடை வரியை இந்தச் சேர்க்கைத் தாள் உள்ளவர்களுக்குத் தளர்த்துவதில் அவர்களுக்கு நட்டமில்லை.

'சின்ன ஊர், சின்னத் தொகை, இதற்கெனத் தனிப் பாலிசியா?' என்று தலைமை அலுவலகத்தில் கேட்பார்கள். நிலாவெளி மட்டுமல்ல, உப்புவெளி, பாசிக்குடா, அறுகம்குடா எல்லாம் இதே சீசனில் இதே வண்டிகளோடுதான் இயங்குகின்றன. சீசன் மாறினால் தெற்கே மிரிசவும் ஹிக்கடுவையும். இந்த வண்டிகளிடமிருந்து இப்போதும் கட்டணம் வாங்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது, பிழையான தலைப்பில். இதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை, மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு சொல் மாற வேண்டியதுமில்லை. ஒரு கம்பனி படிவம் ஒன்றை அச்சடித்து, ஒழுங்குமுறை ஆணைக்குழுவுக்கு அறிவித்து, விறாந்தையில் தேநீர் குடிக்கும் ஏஜென்டிடம் ஏப்ரலுக்கு முன் கொடுத்துவிட்டால் வேலை தொடங்கிவிடும். அவருடைய கழிவும் கூடும்.